வீரர்களின் உடல்குளிரூட்டிக்கான சிறு எஞ்சின்கள்

படைவீரர் தம் உடலில் சுமந்து செல்லும் குளிரூட்டும் கருவியை இயக்குவதற்கென உருவாக்கப்படும் சிறிய எரிபொருள் எஞ்சின்கள் இவை. இவற்றிலிருந்து பெற வேண்டிய திறன் பெரும்பாலும் 100 முதல் 200 வாட் வரை. கடும் வெப்பத்தில் வீரர் மயங்கி விழுவதையும் உயிரிழப்பதையும் தடுப்பதே நோக்கம்.

தேவை

கடினமாக உழைக்கும்போது மனித உடலில் 400 முதல் 600 வாட் வரை வெப்பம் உண்டாகும். வெயிலில் அதை வெளியேற்ற வியர்வையே முதன்மையான வழி. 1 லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் நீங்கும். ஆனால் வேதி, உயிரித் தாக்குதலிலிருந்து காக்கும் உடை வியர்வையை எளிதில் ஆவியாக விடாது. குண்டு துளைக்காத கவசமும் மார்பையும் முதுகையும் மூடிவிடும். உள்ளுடல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அமைப்பு

மெல்லிய குழாய்கள் பதித்த உள்ளாடையில் குளிர்நீரைச் சுழலவிடும் முறையை 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வகம் உருவாக்கியது. நிலவில் நடந்த அப்பல்லோ வீரர்களும் இத்தகைய உள்ளாடையையே அணிந்தனர். அவர்களின் உடல்வெப்பம், வெற்றிடத்தில் பனிக்கட்டி நேரடியாக ஆவியாவதன் மூலம் நீங்கியது. பூமியில் அது இயலாது. பனிக்கட்டியைச் சுமந்து சென்று உருகவிட்டாலோ, 300 வாட் வெப்பத்தில் 1 கிலோ 20 நிமிடத்துக்குள் உருகிவிடும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதுபோன்ற சிறிய கம்ப்ரசர் தேவைப்படுகிறது. நீரை மிகவும் குளிர்விப்பதும் பயன் தராது: தோலின் இரத்த நாளங்கள் சுருங்கி, வெப்பம் வெளியேறுவது குறைந்துவிடும்.

பேட்டரியும் எரிபொருளும்

300 வாட் குளிரூட்டலுக்குக் கம்ப்ரசர் 100 முதல் 150 வாட் வரை எடுத்துக்கொள்ளும். நான்கு மணி நேரத்துக்கு 400 முதல் 600 வாட்-மணி வேண்டும். லித்தியம் அயனி பேட்டரியானால் அது 2 முதல் 4 கிலோ எடை. மண்ணெண்ணெய் வகை எரிபொருள் கிலோவுக்குச் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் கொண்டது. அதில் பத்தில் ஒரு பங்கைப் பயனாக்கினாலும் அரைக் கிலோ எரிபொருள் போதும். எஞ்சினை நாடுவதற்கு இதுவே காரணம்.

சிக்கல்கள்

எஞ்சின் சிறுத்தால் அதன் கொள்ளளவை ஒப்பிடும்போது சுவரின் பரப்பு கூடும். எரிதலின் வெப்பம் சுவர்வழியே வீணாகும். பிஸ்டனைச் சுற்றி வாயு கசிவதும் உராய்வும் விகிதத்தில் பெரிதாகும். சுமார் 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான இடைவெளியில் சாதாரண அழுத்தத்தில் சுடரே அணைந்துவிடும். மாதிரி விமான எஞ்சின்கள் பல மெதனாலில் இயங்குகின்றன. நேட்டோ படைகளோ களத்தில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளையே பொதுவாகக் கொண்டுள்ளன. அது எளிதில் ஆவியாகாது. சிறு எஞ்சினில் அதைப் பற்றவைப்பது கடினம். இரைச்சலும் சூடான புகையும் வீரரின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு அவரையே கொல்லக்கூடும்.

1816-இல் ராபர்ட் ஸ்டிர்லிங் காப்புரிமை பெற்ற வெளியெரி எஞ்சின் அமைதியாக ஓடும். பலவகை எரிபொருளை ஏற்கும். ஆனால் தரும் திறனுக்கு எடை அதிகம்.

இன்றைய நிலை

ஊர்தியின் மின்சாரத்தில் இயங்கும் உடல்குளிரூட்டி நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் குழுவினரின் ஏர் வாரியர் உடைத்தொகுப்பு அதற்குச் சான்று. நடந்து போரிடும் வீரருக்கோ குடிநீர், நிழல், வேலைக்கும் ஓய்வுக்குமான நேரப் பங்கீடு ஆகியவையே இன்றும் முதன்மைப் பாதுகாப்பு.