திருப்பள்ளித்தாமம்: நாள்தோறும் பிறக்கும் கலை

கலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அழியாது நின்றவற்றையே எடுத்துக்கொள்வர். கருங்கல் விக்ரஹம், செப்புத் திருமேனி, சுவரோவியம் ஆகியவை பல நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதால் அவற்றின் வரலாறு எளிதில் அமைகிறது. காலையில் பறித்துத் தொடுத்து மறுநாள் களையப்படும் பூமாலைக்கு அவ்வாறு அமைவதில்லை. ஆயினும், நம் ஸம்ப்ரதாயத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அன்றாட வாழ்வோடு ஒன்றி வந்த கலை எது என்று ஆராய்ந்தால், திருமாலைக் கைங்கர்யத்தையே முதலில் சொல்ல வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் இம்மாலையைத் திருப்பள்ளித்தாமம் என்று வழங்குகின்றன. நந்தவனத்தைக் காப்பதற்கும் அதில் பாடுபடுவோரின் ஜீவனத்திற்கும் நிலம் விடப்பட்ட செய்திகளை அவை பல கோயில்களில் தெரிவிக்கின்றன. மாலை அன்றே வாடினும், மறுநாள் மாலைக்கு வேண்டிய ஏற்பாடு கல்லில் பொறிக்கப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த விஷ்ணுசித்தர், எம்பெருமானுக்கு மிகவும் உகப்பான கைங்கர்யம் எது என்று ஆராய்ந்து நந்தவனம் அமைத்தலைத் தேர்ந்தார் எனக் குருபரம்பரை கூறும். அத்தேர்வுக்கு அடிப்படையாக அமைந்தது மாலாகாரர் வரலாறு. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஐந்தாம் அம்சத்திலும் ஸ்ரீபாகவதத்தின் தசம ஸ்கந்தத்திலும் இது காணப்படுகிறது. வடமதுரைக்கு எழுந்தருளிய கண்ணனும் நம்பி மூத்தபிரானும், பூத்தொடுத்து வாழும் ஒருவருடைய இல்லத்திற்குத் தாமே சென்றனர். அவரும் தம்மிடமிருந்த நல்ல மலர்களை உவந்து ஸமர்ப்பித்தார். ஸ்ரீபாகவதம் அவரைச் ஸுதாமா என்ற பெயரால் குறிக்கும். இங்கு ஊன்றி நோக்கத் தக்கது எம்பெருமான் தேடிச் சென்ற இடமாகும். யாகசாலையோ அரசவையோ அன்று அது. அன்றாடத் தொழில் நடந்துகொண்டிருந்த ஒரு வீடு. வயிறு வளர்க்கும் தொழிலும் அழகைப் படைக்கும் கலையும் அவ்வீட்டில் வேறுபட்டிருக்கவில்லை. பெரியாழ்வார் கைக்கொண்ட வழி அவ்வீட்டிலிருந்து புறப்பட்டது எனலாம்.

அந்நந்தவனத்தில் திருத்துழாயடியில் கண்டெடுக்கப்பட்ட ஆண்டாளின் வரலாறு, இக்கலையைப் பற்றி மேலும் ஒரு நுட்பத்தைத் தெரிவிக்கிறது. திருத்தகப்பனார் தொடுத்து வைத்த மாலையைத் தான் சூடி, 'அவனுக்கு ஒத்திருக்கிறோமா' என்று தன் அழகைப் பார்த்துப் பின் களைந்து வைத்தாள். நிழல் பார்த்த இடமாகக் காட்டப்படும் கண்ணாடிக் கிணறு இன்றும் திருக்கோயிலில் உள்ளது. பெரியாழ்வார் அதனை அபசாரமாகக் கருதி, அன்று அம்மாலையைச் சாற்றாது நிறுத்தினார். எம்பெருமானோ சூடிய மாலையே தனக்கு உகப்பு என்று ஸ்வப்நத்தில் நியமித்தான். படைப்பவர் அனுபவித்தால் பொருள் தாழ்ந்துபோகும் என்பது தகப்பனாரின் அச்சம். அன்போடு அனுபவிக்கப்பட்டதால் அதன் மணம் கூடிற்று என்பது எம்பெருமானின் திருவுள்ளம். கைங்கர்யத்தின் பயன் ஸ்வாமியின் முகமலர்த்தியே என்பது நம் ஸித்தாந்தம். அம்முகமலர்த்திக்குச் சூடியவளின் அனுபவமே காரணமாயிற்று என்பது இவ்வரலாற்றின் ஸ்வாரஸ்யம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தாம் தெலுங்கில் இயற்றிய மஹாகாவ்யத்திற்கு இம்மாலையைக் கொண்டே ஆமுக்தமால்யதா என்று பெயரிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலைகளுடன் உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தைக் காணாதார் இலர். அதன் உள்ளே ஆண்டாளின் இடத் திருக்கையில் இருக்கும் கிளியோ ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. மாதுளம்பூவால் மூக்கும், பச்சிலைகளால் உடலும் சிறகும் அமைத்து வாழைநாரால் கட்டி, பரம்பரையாக இக்கைங்கர்யம் செய்வோர் அதனை நாள்தோறும் புதிதாகப் படைக்கின்றனர். மறுநாள் அது ப்ரஸாதமாக ஓர் அடியாரின் கைக்குச் சேர்கிறது. கோபுரத்தைக் கட்டியவர் ஒருமுறை கட்டினர். கிளியைக் கட்டுவோர் நாளும் கட்டுகின்றனர். பழமையில் இரண்டும் மதிக்கத் தக்கவையே. ஒன்றன் பழமை கல்லில் இருக்கிறது. மற்றதன் பழமை விரல்களில் இருக்கிறது.

திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனமமைத்துத் தொண்டு புரிந்தார். அவருடைய அர்ச்சையில் பூக்குடலை விளங்குவதை எங்கும் ஸேவிக்கலாம். அவர் அருளிய 45 பாசுரங்கள் கொண்ட ப்ரபந்தமும் திருமாலை என்றே பெயர் பெற்றது. பின்னர், திருவேங்கடமுடையானுக்குப் புஷ்பகைங்கர்யம் செய்ய யார் முன்வருவர் என்று உடையவர் கேட்டபோது அனந்தாழ்வான் எழுந்தார். குளிரும் காடுமாயிருந்த மலைமேல் ஏரி வெட்டி நந்தவனம் வளர்த்தார். கர்ப்பவதியான அவருடைய தேவிகள் மண் சுமந்தார் என்றும், உதவ வந்த சிறுவனைக் கடப்பாரையால் அவர் அடித்தார் என்றும், எம்பெருமான் திருமோவாயில் பச்சைக்கற்பூரம் சாற்றுவது அதன் அடையாளம் என்றும் பெரியோர் கூறுவர். அக்கடப்பாரையை இன்றும் திருமலையின் மஹாத்வாரத்தில் காணலாம். மாலைக்குப் பின்னால் மண்வெட்டும் கடப்பாரையும் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. திருமலையில் மாலை கட்டும் இடம் ஆளவந்தார் திருநாமத்தால் யமுனைத்துறை என வழங்குகிறது. மலைமேல் பூத்ததெல்லாம் அவனுக்கே என்று கொண்டு, பிறர் பூச்சூடாத வழக்கமும் அங்கு உண்டு. அத்தகைய இடத்திற்கே புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்தில், கருடஸேவையன்று சாற்றுவதற்காக, ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்கிறது.

வ்யாக்யான வரலாற்றிலும் இதற்கு ஒப்பானதொரு செய்தி உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி ஓலைகள் சிதைந்து மறைந்தது. மணவாள மாமுனிகள் (1370–1443) மறைந்த பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் அருளி, பழைய உரை எஞ்சியிருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். பூத்தொண்டரின் பாசுரங்களுக்கு அமைந்த உரையே இவ்வாறு அறுந்த இடத்தில் மீண்டும் தொடுக்கப்பட்டது. ஓலை போயினும், ஆசார்யர்களிடம் கேட்டுவந்த அர்த்த பரம்பரை அறாதிருந்தமையால் அது கூடிற்று.

திருமாலைக் கைங்கர்யத்திற்கு அத்தகைய ஓலையும் இல்லை. ஆகமங்கள் சாற்றத் தகுந்த பூக்களையும் தகாதனவற்றையும் விரித்துரைக்கும். நாரை எவ்வளவு நனைப்பது, எந்தப் பூவை எத்தனை இறுக்கத்தில் முடிவது, திருத்துழாயைத் தண்டு ஒடியாமல் எவ்வாறு சேர்ப்பது என்பவற்றை மூத்தோர் அருகில் அமர்ந்தே கற்க வேண்டும். முற்காலத்தில் க்ருஹங்களில் திருவாராதனத்திற்கு முன் குடலையோடு சென்ற குழந்தைகள் இவற்றைப் பாடமென்று அறியாமலே கற்றனர். இன்று பல ஸந்நிதிகளுக்கும் பெரும்பாலான இல்லங்களுக்கும் மாலை கட்டப்பட்ட நிலையிலேயே கடைத்தெருவிலிருந்து வருகிறது. அதனால் ஆராதனம் குறைவதில்லை. கை ஒன்று கற்காமல் போகிறது. ஒரு தலைமுறை தொடுக்காமலிருந்தால், அடுத்த தலைமுறை எடுத்துப் படிப்பதற்கு ஓர் ஏடும் இராது. கொல்லையில் ஒரு திருத்துழாய்ச் செடியும், வாசலில் ஒரு நந்தியாவட்டையும், கொஞ்சம் வாழைநாரும், அருகில் அமர்ந்து பார்க்க ஒரு குழந்தையும் இருந்தால் போதும். விஷ்ணுசித்தர் தொடங்கிய கைங்கர்யம் அவ்வீட்டில் அன்று நடந்ததாகும்.