போர்த்துக்கல்லின் மரப்பட்டையும் எங்கள் பனஞ்சிலாகையும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் சோனகதெருவில் பழைய வீடொன்றை இடித்தார்கள். இறக்கிப் போட்ட பனஞ்சிலாகைகளை விறகுக்குக் கேட்டு ஒருவர் வந்து நின்றார். அதே வாரம் ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், தன் புது வீட்டின் தரைக்குக் கோர்க் பதித்திருப்பதாகப் படம் அனுப்பினார். மரத்தை வெட்டாமல் எடுக்கும் பொருளாம், சூழலுக்கு மிக நல்லதாம், விலையும் கூடவாம். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கோர்க் என்றால் எங்களுக்குப் போத்தல் தக்கைதான் ஞாபகம் வரும். அது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. போர்த்துக்கல், ஸ்பெயின், மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா என்று மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்க நாடுகளில் வளர்கிறது. உலகத்துக் கோர்க்கில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கல்லில் இருந்துதான் வருகிறது. மரத்துக்கு 25 வயதளவில் முதல் தடவை பட்டையை உரிப்பார்கள். அதன் பிறகு 9 வருடத்துக்கு ஒரு தடவைதான். கோடரியால் கீறி, உள்ளே இருக்கும் உயிருள்ள படைக்குக் காயம் படாமல், பலகைபோலக் கழற்றி எடுக்க வேண்டும். முதல் இரண்டு உரிப்பிலும் வருவது நல்ல தக்கைக்கு ஆகாது. மூன்றாவது உரிப்பில்தான், அதாவது மரத்துக்கு 43 வயதளவில்தான், தரமான பட்டை கிடைக்கும். உரித்த வருடத்தின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே சாயத்தால் எழுதி விடுவார்கள். 2024 இல் உரித்த மரத்தில் 4 என்று இருக்கும். 2033 வரை அதில் எவரும் கைவைக்க முடியாது. அனுமதியில்லாமல் அந்த மரத்தைத் தறிப்பதும் அங்கே குற்றம்.

தக்கை குத்தி எடுத்த மிச்சத்தையும், தக்கைக்கு ஆகாத பட்டையையும் அரைத்து, சூடாக்கி அழுத்தித்தான் தரைக்கான தகடு செய்கிறார்கள். அதாவது தரையாகப் போவது கழிவு. அதன் குணத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்று. 1665 இல் றொபேட் ஹூக் தன் நுணுக்குக்காட்டியில் கோர்க் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலம் என்ற பெயரையே வைத்தார். விஞ்ஞானப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்பீர்கள். அவர் கண்டது காற்று நிறைந்த குட்டிக் குட்டி அறைகள். அதனால்தான் அந்தத் தரை காலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும், நடக்கும் சத்தமும் கேட்காது. (எங்கள் சித்திரை வெயிலுக்கு வெதுவெதுப்பான தரை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கோர்க்கை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லி நான் எழுத வரவில்லை.)

இன்னொரு விசயம். கோர்க் என்ற சொல் ஸ்பானிய மொழி வழியாக அரபியிலிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தலூஸ் அரபியில் கோர்க் அடியிட்ட செருப்புக்குக் குர்க் என்று பெயர். போர்த்துக்கல்லின் தென்பகுதி 13 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. இன்று கோர்க் அதிகம் விளைவதும் அந்தத் தென்பகுதியில்தான்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 1560 ஆம் ஆண்டு போர்த்துக்கேய இராசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் கப்பற்படையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து நல்லூரைப் பிடித்தார். சங்கிலி மன்னன் பின்வாங்கினான். பிறகு சனங்கள் கிளம்பியதில் நிற்க முடியாமல், படை மன்னாருக்குப் போய் அங்கே கோட்டை கட்டியது. வரலாற்றுப் பாடத்தில் உள்ள சம்பவம்தான். அதே 1560 இல் போர்த்துக்கல்லில் சிந்திரா என்ற மலைப்பகுதியில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு ஒரு சிறு மடம் கட்டினார்கள். கட்டுவித்தவர், போர்த்துக்கேய இந்தியாவில் இராசப் பிரதிநிதியாக இருந்த ஜுவாவ் த கஸ்த்ருவின் மகன். அந்த மடத்தின் கதவு, யன்னல், கூரையின் உட்பக்கம் எல்லாம் கோர்க் பட்டையால் மூடப்பட்டிருக்கின்றன. இன்றும் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள், கோர்க் மடம் என்றே சொல்கிறார்கள். குளிருக்கு அந்த ஏழைத் துறவிகள் தேடிக்கொண்ட பொருள் அது, காட்டிலிருந்து காசில்லாமல் வந்தது.

1619 இல் அவர்கள் யாழ்ப்பாணத்தை முழுதாகப் பிடித்து, 1658 வரை ஆண்டார்கள். வீட்டுக்குள் எத்தனை சொற்களை விட்டுப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: யன்னல், கதிரை, மேசை, அலுமாரி. கூரையைத் தாங்கும் தீராந்தியும் அவர்களுடைய சொல்தான். ஆனால் தீராந்தி என்று பெயர் மாறிய அந்த மரம் மாறவில்லை. அது பனையாகவே இருந்தது.

பனையைப் பற்றி இந்த ஊராருக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல முடியும் என்று யோசித்தேன். இருந்தாலும் பிள்ளைகளிடம் கேட்டால் நுங்குக்கும் கிழங்குக்கும் அப்பால் போகிறார்களில்லை. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் வெளியே வைரம், உள்ளே சோறு. தொல்காப்பியம் மரபியலில் இந்த வேறுபாட்டை வைத்தே, வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றுதான் சொல்கிறது. தறித்து, பிளந்து, உள்ளே உள்ள சோற்றைச் செதுக்கி எறிந்தால், கறுப்பு நார் ஓடிய வைரம் மிஞ்சும். அதுதான் சிலாகை. முற்றிய மரத்தில் எடுத்தால் கறையான் லேசில் அண்டாது. வடலியில் எடுத்தால் சில வருடத்திலேயே உளுத்துப் போகும். அதனால் பேரன் காலத்தில்தான் தறிக்க வேண்டும் என்று விட்டு வைத்த மரங்கள் ஒவ்வொரு வளவிலும் இருந்தன.

ஒல்லாந்தர் இதை வியாபாரக் கண்ணால் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் கொமாண்டராக இருந்த சுவார்டெக்ரோன் 1697 இல் எழுதி வைத்த குறிப்பில், யானை, சாயவேர் போன்றவற்றோடு பனை மரமும் சிலாகையும் கணக்கில் வருகின்றன. எங்கள் பனை கப்பலேறிப் போய் வேறு ஊர்களின் கூரைகளைத் தாங்கியது. 1850 இல் வில்லியம் பெர்குசன் கொழும்பில் பனைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். பனையின் 801 பயன்களைப் பாடும் தாலவிலாசம் என்ற தமிழ் நூலை வெளியுலகம் அறிந்தது அவர் எழுத்தால்தான். பின்னாளில் பனந்தும்பும் தூரிகைக்காகவும் துடைப்பத்துக்காகவும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

ஆனால் சிலாகைக்கு மரம் சாக வேண்டும். இதில் கோர்க்கோடு பனையை ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டியது ஓலையைத்தான். குருத்துக்கும் அதைச் சுற்றியுள்ள இளம் ஓலைக்கும் சேதமில்லாமல் வெட்டினால், மரம் தன்பாட்டில் நின்று அடுத்த வருடத்துக்கு வேறு ஓலை தரும். சார்வோலையில் பாய், தடுக்கு, கடகம், நீத்துப்பெட்டி. முற்றிய ஓலையில் கூரையும் வேலியும். இற்றுப்போன வேலி ஓலையையும் எறிவதில்லை. புகையிலைத் தோட்டத்தில் புதைத்துப் பசளையாக்குவார்கள். கூரை வேலியாகாவிட்டாலும் வேலி கடைசியில் மண்ணாகும். கோர்க் தரையை விற்பவர்கள் இன்று விளம்பரத்தில் எழுதும் அத்தனையும் எங்கள் ஒழுங்கைகளில் ஒரு பெயருமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

தரை என்று வந்தால் எங்களுக்குப் பாய்தான். தொழுததும் படுத்ததும் விருந்தாளியை இருத்தியதும் பாயில். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலின் தூண்கள் பேரீச்ச மரக் குற்றிகள், கூரை பேரீச்ச ஓலை. ஓலையால் பின்னிய சிறு விரிப்பில் அவர்கள் தொழுததும் ஹதீஸ்களில் உள்ளது. பனையோலைத் தடுக்கில் தொழுத எங்கள் உம்மாவின் உம்மாவுக்கு இது புதினமாகத் தெரிந்திருக்காது. இன்று பள்ளிகளில் விரித்திருப்பது தொழிற்சாலைக் கம்பளம். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. போர்த்துக்கல்லில் கோர்க் உரிப்பவர்கள் விவசாயக் கூலிகளில் மிகக் கூடிய சம்பளம் வாங்குபவர்களில் சேர்த்தி. பழகிய கை இல்லாவிட்டால் மரம் செத்துவிடும் என்று அந்த நாட்டுக்குத் தெரியும். இங்கே? பனையில் ஏறி ஓலை வெட்டியவரையும் சீவியவரையும் ஊர் எங்கே வைத்திருந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த நாங்களும் அதில் சேர்த்திதான். கள்ளோடு எங்களுக்கு வேலையில்லை என்பதால் அந்தத் தொழிலாளியின் பாட்டோடும் எங்களுக்கு வேலையில்லை என்று இருந்துவிட்டோம். அவருடைய பிள்ளை அந்த வேலைக்கு வரவில்லை என்றால் அது அந்தப் பிள்ளையின் பிழையல்ல.

பிறகு யுத்தம். பங்கர் மூடப் பனங்குற்றியை விடச் சிறந்தது கிடைக்காது என்பதால் இரண்டு பக்கத்தாரும் தறித்தார்கள். ஷெல் பட்டுத் தலை போன மரங்கள் வேறு. பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். தலை போனால் பக்கத்தில் துளிர்க்காது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவாகிச் சில வருடங்களுக்குள் இவ்வளவும் தொடங்கிவிட்டது.

1990 ஒக்ரோபர் 30 ஐப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000 இற்கும் மேல். என் தலைமுறை புத்தளத்தில் தென்னங்கிடுகின் கீழ் வளர்ந்தது. மழை தொடங்கும் முன் கிடுகு மாற்றக் காசு தேட வேண்டும். அப்போதெல்லாம் பெரியவர்கள் சொல்வது யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரையைப் பற்றித்தான். வாப்பாவின் வாப்பா காலத்துச் சிலாகையாம், ஓடு மட்டும் இரண்டு தடவை மாற்றினார்களாம்.

திரும்பி வந்து பார்த்தபோது சுவர் நின்றது. ஓடு இல்லை, சிலாகை இல்லை, நிலை கதவு இல்லை. அறைக்குள் மரம் வளர்ந்திருந்தது. ஐந்து சந்தியைச் சுற்றியுள்ள எத்தனையோ வீடுகளின் கதை இதுதான், சமூகம் பார்த்து நடந்ததுமல்ல. சண்டையில் இடம்பெயர்ந்த தமிழ் உறவுகள் பலரின் வீடுகளும் இப்படித்தான் கிடந்தன. யார் கழற்றினார்கள் என்று தேடுவது இந்தப் பதிவின் வேலையில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். கொங்கிறீற் கூரையை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. உளுத்த மரத்தை யாரும் களவெடுக்க மாட்டார்கள். நூறு வருடத்துச் சிலாகையைக் கழற்றினார்கள் என்றால், அது இன்னொரு கூரையை இன்னும் ஒரு ஆயுளுக்குத் தாங்கும் என்று கழற்றியவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிலாகைகள் இப்போதும் எங்கோ ஒரு கூரையில் இருக்கின்றன என்றே நம்புகிறேன். அதன் கீழே குழந்தைகள் நித்திரை கொண்டால் எனக்குக் கோபமில்லை. அடுப்பில் போயிருந்தால்தான் கோபம்.

அதனால்தான் மிஞ்சியதை நாங்களே விறகுக்குக் கொடுப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. வீடமைப்புக் காசு தவணை தவணையாக வரும், அதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற அவதி எனக்குத் தெரியும். அவசரத்துக்கு அஸ்பெஸ்ரோஸ் தகடும் இரும்புக் குழாயும்தான் கைக்கு எட்டுகின்றன. ஆனால் இன்று பனையைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், முற்றிய மரமும் அரிது. இறக்கிய பழைய சிலாகைக்கு இணையான புதிய மரம் உங்கள் ஆயுளில் கிடைக்காது. நுனி உளுத்திருந்தால் நுனியை வெட்டிவிட்டு விறாந்தைக்குப் போடலாம். கட்டையானதை இழைத்து எண்ணெய் பூசினால் மேசைப் பலகை, வாங்கு, அலுமாரித் தட்டு. கறுப்பு நாரின் அழகுக்கு வேறு வர்ணம் தேவையில்லை. எங்கள் தச்சு ஆட்களிடம் கேட்டால், உளி மழுங்கும் என்று முதலில் முணுமுணுப்பார்கள். பிறகு செய்து தருவார்கள்.

வீடு இடிப்பவர்கள், திருத்துபவர்கள் தயவுசெய்து கருத்துப் பகுதியில் சொல்லுங்கள்: எத்தனை சிலாகை, எத்தனை அடி, என்ன நிலைமை. படமும் போடுங்கள். வேண்டாதவரிடமிருந்து வேண்டியவருக்குக் கைமாற்றி விடலாம், லொறிக்காரச் சகோதரர்கள் சிலர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். பாய் பின்னத் தெரிந்த உம்மாமாரும் அம்மாமாரும் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் எழுதுங்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டித்தரக் கேட்க வேண்டும்.

பனம்பாத்தி போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று. கிழங்கு கிண்டும்போது வேலியோரத்தில் நாலைந்தைக் கிண்டாமல் விட்டுவிடுங்கள்.