ஹெட்ஃபோனில் அதிரும் பேஸ், மொபைலில் காணாமல் போவது ஏன்? சாஃப்ட்வேரில் பேஸ் உருவாவது எப்படி?

லேப்டாப் முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு டிராக் பண்ணியிருப்பீர்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் பேஸ் சும்மா அதிரும். அதையே நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "பீட் நல்லா இருக்கு, பேஸ்தான் வரவே இல்ல ப்ரோ" என்று பதில் வரும். எலக்ட்ரானிக் மியூசிக் பக்கம் புதிதாக வருகிற பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

உடனே எல்லோரும் செய்வது, பேஸ் வால்யூமை ஏற்றுவது. மொத்த டிராக்கும் கெட்டுப்போவது அங்கேதான். பேஸ் பலமாகக் கேட்பதற்கும் வால்யூமுக்கும் நாம் நினைக்கிற அளவுக்கு சம்பந்தம் இல்லை. எப்படி என்று பார்க்கலாம்.

போன் ஸ்பீக்கரில் என்ன நடக்கிறது?

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸில் இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒரு ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஒரு அதிர்வு. இதில் 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையான அடிமட்டத்தை சப்-பேஸ் என்கிறார்கள். காதில் கேட்பதைவிட நெஞ்சில் உணர்வதுதான் இதில் அதிகம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது.

இவ்வளவு மெதுவான அதிர்வைச் சத்தமாகக் கொடுக்க நிறைய காற்றைத் தள்ள வேண்டும். கச்சேரி மேடையில் பெரிய பெரிய சப்-வூஃபர்களை அடுக்குவது அதற்குத்தான். போனில் இருப்பதோ விரல் நகம் சைஸ் ஸ்பீக்கர். பெரும்பாலான போன்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி ரொம்பவே பலவீனமாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் எல்லாம் இல்லாத கணக்குதான். நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் அந்த ஸ்பீக்கருக்கு அது எட்டாது.

தமிழிசையில் கீழ் ஸ்தாயிக்கு 'மெலிவு' என்று ஒரு பெயர் உண்டு. போன் ஸ்பீக்கரில் அது நிஜமாகவே மெலிந்து போகிறது!

நம் காதும் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்யும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் இருவரும் 1933-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. சத்தம் குறைவாக இருக்கும்போது, நடு ஒலிகளோடு ஒப்பிட்டால் அடிமட்ட ஒலிகள் நம் காதில் ரொம்பக் குறைவாக விழும். சத்தம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறையும். ஃபுல் வால்யூமில் வைத்து மிக்ஸ் பண்ணினால் பேஸ் பிரமாதமாக இருப்பதுபோலத் தோன்றுவதும், காலையில் குறைத்து வைத்துக் கேட்டால் "எங்கே போச்சு?" என்று இருப்பதும் இதனால்தான்.

மூளை போடும் கணக்கு

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு வாத்தியம் 50 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசித்தால், வெறும் 50 மட்டும் வராது. அதோடு 100, 150, 200, 250 என்று மடங்குகளும் சேர்ந்து வரும். இவற்றுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். இதில் அந்த 50-ஐ மட்டும் எடுத்துவிட்டால்? மிச்சமுள்ள ஒலிகளுக்கு இடையே 50, 50 ஆக இடைவெளி இருப்பதை வைத்து, மூளை அதே 50 ஹெர்ட்ஸ் சுரத்தையே 'கேட்கும்'. ஸ்பீக்கரில் வராத ஒலியை மூளை நிரப்பிக்கொள்கிறது.

நம்ப முடியவில்லையா? பழைய லேண்ட்லைன் போனை நினைத்துப் பாருங்கள். அதில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி, அதாவது அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தானே கேட்டது?

அப்படியானால் போனில் பேஸ் கேட்க வேண்டும் என்றால், அந்த மடங்குகள் டிராக்கில் இருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் பேஸ் உருவாக்குவதன் பாதி வேலை இதுதான்.

எந்த அலையை எடுப்பது?

சின்தசைசர் சாஃப்ட்வேரைத் திறந்தால் சில அடிப்படை அலைகள் இருக்கும். சைன் அலையில் ஹார்மோனிக்ஸே கிடையாது. 50 ஹெர்ட்ஸ் சைன் போட்டால் போனில் மௌனம்தான். ஸ்கொயர் அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் இருக்கும். ரம்பப் பல் மாதிரி இருக்கும் சா அலையில் எல்லா மடங்குகளும் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோ, ஏபில்டன் லைவ் இரண்டிலும் சின்த் கூடவே வருகிறது. 2020-ல் வந்த வைட்டல் சின்துக்கு இலவசப் பதிப்பும் இருக்கிறது. பழகுவதற்கு அது போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சைனில் ஹார்மோனிக்ஸ் இல்லையே என்று அதை ஒதுக்கவும் முடியாது. அடிமட்டத்தில் அதைப்போல சுத்தமாக உட்காருவது வேறு எதுவும் இல்லை. அதற்கு வழி சாச்சுரேஷன். சிக்னலை ஒரு எல்லைக்கு மேல் தள்ளினால் அலையின் உச்சி தட்டையாகும். தட்டையானால் புது ஹார்மோனிக்ஸ் முளைக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி தட்டையானால், 50 ஹெர்ட்ஸ் சைனில் இருந்து 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரும். போன் ஸ்பீக்கர் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான்.

ஹிப்-ஹாப், டிராப் பாட்டுகளில் வரும் '808' இதற்கு நல்ல உதாரணம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் சத்தம்தான் மூலம். 1983-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 12,000 மெஷின்கள்தான். கிட்டத்தட்ட சைன் மாதிரியான அந்த 'பூம்' சத்தத்தை நீட்டி, ஸ்ருதி மாற்றி, பேஸ் வாத்தியமாகவே ஆக்கிவிட்டார்கள். இன்றைய 808-கள் கரகரவென்று டிஸ்டார்ஷனோடு இருப்பது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை, போனில் கேட்கவும்தான்.

ரீஸ் பேஸ்: இரண்டு அலைகளின் உரசல்

டெட்ராய்ட் டெக்னோ கலைஞர் கெவின் சாண்டர்சன், 1988-ல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட 'ஜஸ்ட் வான்ட் அனதர் சான்ஸ்' டிராக்கில் இருந்த பேஸ், பிற்பாடு பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இசைக்கே அடையாளமாகிவிட்டது. இன்றும் அதற்கு ரீஸ் பேஸ் என்றே பெயர்.

இரண்டு சா அலைகளை எடுத்து, ஒன்றின் ஸ்ருதியை மயிரிழை விலக்கினால் அந்த சத்தம் கிடைக்கும். ஒன்று 110 ஹெர்ட்ஸ், இன்னொன்று 111 என்றால், நொடிக்கு ஒரு முறை இரண்டும் சேர்ந்து பெருகி, பின் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மூன்றாம் மடங்கில் 330-ம் 333-ம் நொடிக்கு மூன்று முறை உரசும். மேலே போகப் போக வேகம் கூடும். அந்த மிரட்டலான உறுமல் இப்படித்தான் வருகிறது.

ஆனால் இதே உரசல் அடிமட்டத்திலும் நடந்தால் சப்-பேஸ் வந்து வந்து மறையும். ஸ்பீக்கர் செட் வைத்துப் போட்டால் அசிங்கமாகத் தெரிந்துவிடும். அதனால் பேஸை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நடுவில் அசையாமல் நிற்கும் ஒற்றை சைன் அலை. அதற்கு மேலே ரீஸ், டிஸ்டார்ஷன், ஸ்டீரியோ அகலம் என்று என்ன வேண்டுமானாலும் செய்யலாம். என் கணிப்பில், புதியவர்கள் கற்க வேண்டிய முதல் விஷயம் இந்தப் பிரிப்புதான். பிளகின் வாங்குவது எல்லாம் அப்புறம்.

லண்டனின் தெற்கே குராய்டனில் 2000-களின் தொடக்கத்தில் வளர்ந்த டப்ஸ்டெப்பின் 'வாவ் வாவ்' பேஸிலும் இதே உத்தி உதவும். ஃபில்டர் திறந்து மூடுவதால் மேல் ஹார்மோனிக்ஸ் வந்து போகும், அடியில் சப் அப்படியே நிற்கும்.

கிக் வந்தால் வழி விடு

கிக் டிரம்மும் பேஸும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். இதற்கு சைட்செயின் கம்ப்ரஷன்: கிக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பேஸ் தானாகக் குறைந்து, உடனே திரும்பும். ஸ்ருதியும் முக்கியம். அடிமட்ட சி சுரம் சுமார் 33 ஹெர்ட்ஸ், பல ஸ்பீக்கர்களுக்கு அது எட்டாது. அதே ஸ்தாயியின் எஃப் 44, ஜி 49 என்பதால் அவற்றில் பேஸ் நன்றாக உட்காரும்.

வால்யூமை ஏற்றி ஜெயிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பாட்டிஃபை வழக்கமாக பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குச் சமப்படுத்தியே ஒலிக்க விடுகிறது. அதிக சத்தமாக அனுப்பினால் குறைத்துவிடும்.

எங்கே கேட்டுப் பார்ப்பது?

50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் கிட்டத்தட்ட 7 மீட்டர். சின்ன பெட்ரூமில் அது சுவரில் மோதித் திரும்பி, மூலையில் பெருகும், நடுவில் மறையும். ஸ்பீக்கரில் மிக்ஸ் பண்ணுகிறவர்கள் எழுந்து நாலு இடத்தில் நின்று கேளுங்கள். ஹெட்ஃபோன் என்றால் காதையும் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

கடைசியாக, டிராக்கைப் போனில் பாதி வால்யூமில் போட்டுவிட்டு, பேஸ் லைனை மட்டும் கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். மெட்டு பிடிபட்டால் ஹார்மோனிக்ஸ் வேலை செய்கிறது. பிடிபடவில்லை என்றால் வால்யூம் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், சாச்சுரேஷனை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.