டேக்வாண்டோவின் வயது என்ன?



நம் ஊர்களிலும் இப்போது மாலை நேரத்தில் வெள்ளைச் சீருடையும் பெல்ட்டுமாகப் பிள்ளைகள் டேக்வாண்டோ வகுப்புக்குப் போகிறார்கள். பெல்ட் தேர்வில் கொஞ்சம் வரலாறும் கேட்பதுண்டு. "டேக்வாண்டோ எவ்வளவு பழமையானது?" என்றால் "இரண்டாயிரம் ஆண்டு" என்று பிள்ளை பதில் சொல்லும். உலகம் முழுவதும் பல பயிற்சிக் கூடங்களில் இதே பதில்தான் சொல்லித் தரப்படுகிறது.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது, கொரிய ஆசிரியர்கள் உண்மையில் யாரிடம் கற்றார்கள், நம்பிப் படிக்க என்ன நூல் இருக்கிறது என்பதுதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இரண்டாயிரம் ஆண்டுக்குக் காட்டப்படும் சான்றுகள்.

ஒன்று, கொகுரியோ அரசர் காலத்துக் கல்லறைச் சுவரோவியம். இன்றைய சீன எல்லைக்குள் ஜியான் என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு பேர் கைகளை விரித்து எதிரெதிரே நிற்கிறார்கள். சண்டையா, மல்யுத்தமா, நடனமா என்று படத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது, கியோங்ஜு நகரில் சொக்குராம் குகைக் கோயில். 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் வாசலில் முஷ்டியை ஓங்கி நிற்கும் காவல் வீரர் சிற்பங்கள் உண்டு. இவர்களை கும்காங் வீரர்கள் என்பார்கள். கும்காங் என்றால் வச்சிரம். வச்சிரம் ஏந்திய காவலர் இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனா வழியாகக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போனவர். நம் கோயில் வாசலில் கதையை ஊன்றிக் கண்ணை உருட்டும் துவாரபாலகருக்கு ஒருவகையில் உறவுக்காரர். துவாரபாலகரைக் காட்டி "இதோ இன்ன அடிமுறை" என்று நாம் சொல்வதில்லை அல்லவா? சொக்குராம் சிற்பத்துக்கும் அதே நியாயம்தான்.

அப்படியானால் பழங்கொரியாவில் சண்டைக் கலையே இல்லையா? நிச்சயமாக இருந்தது. சுபாக் என்ற கைச்சண்டை பற்றி அரசாங்க வரலாற்று ஏடுகளே பேசுகின்றன. 1170-இல் கொரியோ மன்னர் உய்ஜோங் முன்னிலையில் ராணுவத்தார் சுபாக் ஆடியபோது, தோற்றுப் பின்வாங்கிய ஒரு முதிய தளபதியை அரசவை எழுத்தர் ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். ராணுவத்தாருக்கு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த ஆத்திரம் அதோடு வெடித்தது. அன்றே கலகம் மூண்டு, மன்னர் அரியணை இழந்தார். சுபாக் இருந்ததற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டாம். ஆனால் அந்தக் கலையை எப்படி ஆடினார்கள் என்று அந்த ஏடுகளில் இல்லை.

ஆடும் முறையைப் படத்தோடு சொல்லும் நூல் 1790-இல் வந்தது. முயே தோபோ தோங்ஜி என்பது அதன் பெயர். போர்க்கலைகளைப் படங்களோடு விளக்கும் முழு நூல் என்று பொருள் கொள்ளலாம்.

இந்த நூலுக்குப் பின்னே ஒரு சோகக் கதை இருக்கிறது. சாடோ என்ற பட்டத்து இளவரசர் 1759-இல் 18 போர்க்கலைகளைத் தொகுக்கச் செய்தார். மூன்றே ஆண்டில், 1762-இல், அவரைப் பெற்ற தந்தையான மன்னரே அவரை அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாகடித்தார். அப்போது சாடோவின் மகனுக்குப் பத்து வயதுதான். அந்தப் பையன் பின்னாளில் ஜொங்ஜோ மன்னராகி, தகப்பனார் தொகுத்த 18 கலைகளோடு குதிரை மேல் செய்யும் 6 கலைகளைச் சேர்த்து, 24 கலைகள் கொண்ட நூலாக வெளியிட்டார். யி தொக் மு, பாக் ஜே கா என்ற இரு அறிஞர்களும் பேக் தொங் சு என்ற போர்வீரரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

இந்த நூலின் நேர்மையைக் கவனியுங்கள். எந்தக் கலை சீனத்திலிருந்து வந்தது, எது ஜப்பானிய வாள்முறை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். 1592-இல் ஜப்பானியர் படையெடுத்து வந்து நாட்டைச் சூறையாடியபோது, எதிரியின் வாள்வீச்சைக் கூடக் கற்றாக வேண்டும் என்று கொரியர்கள் உணர்ந்தார்கள். கற்றதை மறைக்கவும் இல்லை. 24 கலைகளில் வெறுங்கைச் சண்டைக்கு ஒரே ஓர் அத்தியாயம். மற்றவை வாளும் ஈட்டியும் தடியும்தான். இன்றைய டேக்வாண்டோவின் உயரமான உதைகளை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

உதைக் கலை வேறோர் இடத்தில், சாதாரண மக்களிடம் இருந்தது. அதன் பெயர் டேக்கியோன். ஆடுவது போல அசைந்து அசைந்து, காலால் தட்டி எதிராளியை விழவைப்பது. 1895-இல் அமெரிக்கர் ஸ்டூவர்ட் குலின் கொரிய விளையாட்டுகளைப் பற்றி எழுதிய நூலில், காலால் ஆடும் போட்டி என்று இதைக் குறிப்பிடுகிறார். அதை எழுதியபோது சியோலில் சொங் தொக் கி என்ற குழந்தைக்கு இரண்டு வயது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1910-க்கு வருவோம். ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 35 ஆண்டு அடிமை வாழ்வு. கடைசி ஆண்டுகளில் பள்ளியில் கொரிய மொழிக்கு இடமில்லாமல் போனது. 1940-இல் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள மக்கள் நெருக்கப்பட்டார்கள். மேற்படிப்பு வேண்டுமென்றால் வசதியுள்ள இளைஞர்கள் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். போன இடத்தில் சிலர் கராத்தே கற்றார்கள்.

லீ வொன் குக், ரோ பியோங் ஜிக் இருவரும் டோக்கியோவில் கிச்சின் ஃபுனகோஷியிடம் கற்றவர்கள். ஒகினாவாவின் கராத்தேயை ஜப்பானுக்குக் கொண்டுவந்த அதே ஃபுனகோஷிதான். யூன் பியோங் இன் மஞ்சூரியாவில் சீன முறையைக் கற்று, பிறகு ஜப்பானில் தோயாமா கான்கெனிடம் கராத்தே பயின்றார். ஜுன் சாங் சோப்பும் ஜப்பானில் படித்தவர். ஹ்வாங் கி என்பவர் மட்டும் வேறு வழி. ரயில்வேயில் வேலை பார்த்தபோது அங்கிருந்த நூலகத்தில் ஒகினாவா கராத்தே நூல்களைப் படித்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

1944 முதல் 1946 வரை இந்த ஐவரும் ஐந்து பயிற்சிக் கூடங்களைத் தொடங்கினார்கள். குவான் என்பார்கள், மன்றம், கூடம் என்று பொருள். இன்றைய டேக்வாண்டோவின் ஐந்து வேர்கள் இவைதான்.

அங்கே சொல்லித்தந்த கலையின் பெயர் என்ன தெரியுமா? சில கூடங்களில் தாங் சூ டோ, சில கூடங்களில் கோங் சூ டோ. தாங் சூ என்பது "சீனக் கை" என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு. அதே எழுத்துகளை ஜப்பானியர் வாசித்தால் கராத்தே. கோங் சூ என்றால் "வெறுங்கை". கராத்தே என்ற பெயரை ஜப்பானியர் பின்னால் எழுதத் தொடங்கிய எழுத்துகள் அவை. ஆக, கராத்தே என்ற சொல்லைத்தான் கொரிய நாக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அடிவரிசையைக் கராத்தேகாரர்கள் கட்டா என்பார்கள். ஹெய்ஆன் என்ற ஐந்து கட்டாக்கள் ஃபுனகோஷியின் பள்ளியில் பாலபாடம். தாங் சூ டோ பள்ளிகளில் இன்றும் பியோங் ஆன் என்ற பெயரில் அதே ஐந்தையும் செய்கிறார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. ஏட்டை மாற்றி எழுதலாம்; உடம்பில் பதிந்த பாடத்தை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது.

விடுதலை பெற்ற நாடு இதை எப்படி ஏற்கும்? "எங்கள் வீரக்கலை ஜப்பானிலிருந்து வந்தது" என்று சொல்லக் கூசியது. இந்தக் கூச்சத்தை நாம் கேலி செய்யக் கூடாது. அடிமைப்பட்ட எந்த நாட்டுக்கும் இது புரியும்.

அப்போதுதான் ஜெனரல் சோய் ஹாங் ஹி வருகிறார். 1918-இல் இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்தவர். இவரும் ஜப்பானில் படிக்கப் போய்க் கராத்தே கற்றவர்தான். பிறகு தென்கொரிய ராணுவத்தில் உயர்ந்தார். 1950-களின் முற்பகுதியில் அதிபர் சிங்மன் ரீ முன்னால் வீரர்கள் செய்துகாட்டினார்கள். நாம் டே ஹி என்ற வீரர் ஒரே குத்தில் ஓடுகளை அடுக்கோடு உடைத்தார். பார்த்த அதிபர் "இது நம் டேக்கியோன் அல்லவா!" என்று மகிழ்ந்தாராம். அதிபர் வாயால் வந்த சொல். சோய் அகராதியைப் புரட்டி, டேக்கியோன் போலவே ஒலிக்கும் இரண்டு எழுத்துகளைத் தேடி எடுத்தார். டே என்றால் காலால் மிதிப்பது, க்வொன் என்றால் முஷ்டி. 1955 ஏப்ரல் 11 அன்று டேக்வாண்டோ என்ற பெயர் ஏற்கப்பட்டது.

பெயர் வந்தபிறகு அதற்கேற்ற உள்ளடக்கமும் வளர்ந்தது. 1965-இல் ஆங்கிலத்தில் வந்த சோயின் நூலில் அவர் அமைத்த புது வரிசைகளோடு கராத்தே கட்டாக்களும் இருந்தன. பின்னர் வந்த 15 தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் அவருடைய வரிசைகள் மட்டுமே. அவற்றுக்குக் கொரிய வரலாற்று நாயகர்களின் பெயர்களைச் சூட்டினார். ஆன் ஜுங் குன் பெயரிலான வரிசையில் 32 அசைவுகள். ஜப்பானியத் தலைவர் இட்டோவைச் சுட்டு, 1910-இல் தூக்கிலிடப்பட்ட அந்தப் போராளியின் வயதைக் குறிப்பதற்காக 32. ஜப்பானில் கற்ற அடியைக் கொண்டே ஜப்பானை எதிர்த்தவருக்கு அஞ்சலி! இதை நகல் என்று ஒதுக்கிவிட முடியுமா?

போட்டி விதிகளும் கலையை மாற்றின. மார்புக் கவசம் அணிந்து முழு வேகத்தில் உதைக்கலாம். முகத்தில் குத்தக் கூடாது, தலையை உதைக்கலாம். விதி இப்படி இருந்தால் மாணவன் எதைப் பழகுவான்? காலைத்தான். இருபது முப்பது ஆண்டுகளில், கராத்தேயில் இல்லாத சுழல் உதைகளும் துள்ளல் நடையும் பிறந்தன. இது கொரியர்களின் சொந்தச் சாதனை. அவர்கள் பெருமைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அரசியல் இங்கேயும் புகுந்தது. சோய் 1966-இல் சியோலில் சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதிபர் பார்க் அரசோடு ஒத்துப்போகாமல் 1972-இல் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு சியோலில் குக்கிவொன் என்ற தலைமைக் கூடம் திறக்கப்பட்டது. 1973-இல் கிம் உன் யோங் தலைமையில் உலகக் கூட்டமைப்பு தொடங்கியது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது இந்தப் பிரிவுதான். சோய் 1980-இல் தம் குழுவோடு வடகொரியா போனார். கோ டாங் என்ற வரிசை, கம்யூனிஸ்டுகளை எதிர்த்துச் சிறைப்பட்ட சோ மன் சிக்கின் பெயரில் இருந்தது. அது நீக்கப்பட்டு, வடகொரிய அரசின் கொள்கையான ஜூச்சே என்ற பெயரில் புது வரிசை வந்தது. சோய் 2002-இல் பியோங்யாங்கில் காலமானார்.

ஹப்கிடோவின் கதையும் இதே ரகம்தான். ஜப்பானில் வளர்ந்து, 1945-க்குப் பிறகு தேகு நகருக்குத் திரும்பிய சோய் யோங் சுல், தாம் தகேதா சோகாகு என்ற பேராசானிடம் இருந்ததாகச் சொன்னார். தகேதா தம் மாணவர்களைப் பதிவேட்டில் குறிக்கும் வழக்கமுள்ளவர். அதில் சோய் பெயர் இல்லை. ஆனால் மூட்டு மடக்கும் பிடிகள் அந்த ஜப்பானிய முறையைச் சேர்ந்தவை என்பது பார்த்தாலே தெரியும். ஹப்கிடோ, ஐகிடோ இரண்டுக்கும் எழுத்துகளும் ஒன்றே. புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்தில் மோதும் ஜி ஹான் ஜே இந்தக் கலைக்காரர்தான்.

சரி, வயதைக் கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்?

இரண்டு தரப்புக்கு நட்டம். முதலாவது, அந்த ஐந்து ஆசிரியர்கள். யூன் பியோங் இன்னும் ஜுன் சாங் சோப்பும் கொரியப் போரின்போது காணாமல் போனார்கள். "இரண்டாயிரம் ஆண்டு" என்று சொல்லும்போது இவர்கள் பெயருக்கு இடமே இல்லாமல் போகிறது. இருட்டில் விளக்கேற்றியவர்கள் இவர்கள்தான். எத்தனையோ மாணவர்களுக்கு இவர்களைத் தெரியாது.

இரண்டாவது, சொங் தொக் கி. உண்மையான டேக்கியோனை இளமையில் இம் ஹோ என்ற ஆசிரியரிடம் கற்றவர். அவர் கலையின் பெயரைச் சாயலாகக் கொண்டு டேக்வாண்டோ உலகத்தைச் சுற்றிவந்த காலத்தில், அந்தப் பெரியவர் சியோலில் கண்டுகொள்ள ஆளில்லாமல் இருந்தார். 1983-இல்தான் தென்கொரிய அரசு டேக்கியோனைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 90. நான்கே ஆண்டில், 1987-இல் காலமானார். 2011-இல் யுனெஸ்கோ டேக்கியோனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அவர் இன்னும் ஐந்தாண்டு முன்னதாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதியதைப் பழையது என்று சொன்னதில், புதியதைப் படைத்தவர்களும் மறைந்தார்கள், நிஜமாகவே பழையதைக் காத்தவரும் மறைந்தார்.

இந்தக் கலைகளைக் கற்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியாளரிடம் "இந்தக் கலை எத்தனை நூற்றாண்டு?" என்று கேட்பதைவிட, "உங்கள் ஆசிரியர் யார்? அவருக்கு ஆசிரியர் யார்? எந்தக் குவான் வழி?" என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் சந்தோஷமாகச் சொல்வார். நாலு தலைமுறை போனாலே 1945 வந்துவிடும். அங்கே நின்று, தோற்ற நாட்டின் பிள்ளைகள் ஆண்டவனின் கலையைக் கற்றுத் தமதாக்கிய கதையைச் சொல்லிக்கொடுங்கள்.

1790-இல் மன்னர் ஜொங்ஜோவின் அறிஞர்கள் எதிரியிடம் கற்றதையும் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். அதனால் அந்த நூலின் மதிப்பு குறைந்துவிடவில்லை. 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. பரிந்துரைத்தது வடகொரியா. தெற்கும் அதைத் தன் நூல் என்றே போற்றுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொரியக் கலை ஏதாவது கற்றால், அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட வரலாறு என்ன என்று கேட்டு எழுதுங்கள். படித்துப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.