வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பது யார்?



காப்புறுதி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சொக்சோ என்றால் தோட்டப்புறத்தில் சிறுவருக்கும் தெரியும். ஆனால், மருத்துவக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் புரிந்துகொண்டவர் நம்மில் எத்தனை பேர்? நன்றாகப் படித்தவர்களே திணறும் பத்திரம் அது. ஆகவேதான், காப்புறுதி இருக்கும் இடத்திலெல்லாம் "நான் உங்களுக்கு விளக்கிச் சொல்கிறேன்" என்று முன்வரும் ஒருவரும் இருக்கிறார். அவருக்குக் கூலி கொடுப்பது யார்? அவர் தவறு செய்தால் கேட்பது யார்? இந்தக் கேள்விகள் ஒரு நாட்டின் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் பல ஆண்டுகளாக ஆட்டிப் படைத்து வருகின்றன. அந்த நாடு அமெரிக்கா. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் குடிமக்களுக்குச் சிறு கட்டணத்தில் வைத்தியம் கிடைக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலோர் தனியார் நிறுவனங்களின் காப்புறுதியை நம்பியே மருத்துவமனைக்குப் போகிறார்கள். காப்புறுதி இல்லாதவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை வந்தால், வீட்டை விற்றும் கடன் தீராது. எனவே, சரியான பத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது அங்கே பிழைப்புக்கே உரிய காரியம்.

அந்நாட்டில் காப்புறுதித் தொழிலை மேற்பார்வை செய்யும் உரிமை பழங்காலந்தொட்டு மாநில அரசாங்கங்களிடம் இருந்து வருகிறது. 1869இல் உச்ச நீதிமன்றம் காப்புறுதி மாநிலங்களின் விவகாரம் என்று தீர்ப்பளித்தது. 1944இல் அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் மறு ஆண்டே, 1945இல், நாடாளுமன்றம் மெக்காரன்-பெர்குசன் சட்டத்தை இயற்றி அந்த உரிமையை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆகவே, காப்புறுதி விற்கும் முகவருக்கும் தரகருக்கும் உரிமம் வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் காப்புறுதி ஆணையர்தான். பின்னால் வரும் வழக்குகளைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்காக மெடிகேர் என்னும் அரசாங்கக் காப்புறுதி உண்டாயிற்று. நல்ல திட்டம்தான். ஆனால் அது எல்லாச் செலவையும் ஏற்கவில்லை. மீதியை நோயாளியே கட்ட வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லித் தனியார் நிறுவனங்கள் துணைப் பத்திரங்களை விற்கத் தொடங்கின. முகவர்கள் முதியோரின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தனிமையில் இருக்கும் மூதாட்டியிடம் மகனைப் போலப் பேசினார்கள். ஏற்கனவே ஒரு பத்திரம் வைத்திருந்தவரிடம், அதே பலனைத் தரும் இரண்டாவது, மூன்றாவது பத்திரத்தையும் விற்றார்கள். எத்தனை பத்திரம் வைத்திருந்தாலும் ஒரு செலவுக்கு ஒரு முறைதான் பலன் கிடைக்கும் என்பது அந்த முதியவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் முகவருக்குக் கமிஷன் உண்டு என்பதும் தெரியாது.

1978இல் நாடாளுமன்றக் குழு இந்த அநியாயங்களைப் பகிரங்கமாக விசாரித்தது. 1980இல் மொண்டானா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் மாக்ஸ் பாக்கஸ் முயற்சியால் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. அது போதவில்லை. 1990இல்தான் கடுமையான சட்டம் பிறந்தது. துணைப் பத்திரங்கள் பத்து வகைகளாக வரையறுக்கப்பட்டன. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒரு வகைக்கு ஒரே பலன்தான். ஏற்கனவே பத்திரம் வைத்திருப்பவரிடம் அதே பலனுள்ள இன்னொன்றை விற்பது குற்றமாக்கப்பட்டது.

இதற்கிடையில் வாஷிங்டன் மாநிலம் வேறொரு வழியைக் கண்டது. 1979இல் அந்த மாநிலத்தின் காப்புறுதி ஆணையர் அலுவலகம் தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் முதியோருக்குப் பத்திரங்களை விளக்கிச் சொன்னார்கள். ஆனால் எதையும் விற்கவில்லை, கமிஷனும் வாங்கவில்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட ஆலோசனைத் திட்டங்களுக்கு மத்திய அரசாங்கத்தின் பணத்தைக் கொடுத்தது. பின்னர் ஐம்பது மாநிலங்களிலும் அவை பரவின. இங்கே மாநில அரசாங்கம் உதவி செய்பவரைத் தானே உருவாக்கி, தானே பழக்கியது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த கட்டம் 2010இல் வந்தது. அப்போது அமெரிக்காவில் நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு எந்த மருத்துவக் காப்புறுதியும் இல்லை. அவ்வாண்டு மார்ச் 23ஆம் நாள் அதிபர் பராக் ஒபாமா புதிய மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு காப்புறுதிச் சந்தை அமையும். மக்கள் அங்கே பத்திரங்களை ஒப்பிட்டு வாங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதச் சந்தாவில் ஒரு பகுதியைக் கட்டும்.

ஆனால் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காப்புறுதி வாங்காதவர் இந்தச் சந்தையில் என்ன செய்வார்? சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருந்தார்கள். 'நேவிகேட்டர்' என்ற உதவியாளரைச் சட்டத்திலேயே ஏற்படுத்தினார்கள். கப்பலுக்குத் திசை காட்டுபவரின் பெயர் அது. அவர் விளம்பரம் செய்யலாம், விளக்கலாம், பாரம் நிரப்ப உதவலாம். மக்கள் பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும். யார் பக்கமும் சாயக்கூடாது. காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வாங்கக் கூடாது. முதியோருக்கு நேர்ந்த அநியாயத்திலிருந்து கற்ற பாடம் இந்தக் கடைசி விதியில் தெரிகிறது.

2013 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் 105 அமைப்புகளுக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தது. தொண்டு நிறுவனங்கள், சமய அமைப்புகள், மருத்துவ நிலையங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதில் இருந்தன. அக்டோபர் முதல் நாள் சந்தை திறந்தது. திறந்த அன்றே அரசாங்கத்தின் கணினித் தளம் திணறிப்போனது. உதவியாளர்களின் தேவை இன்னும் கூடியது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. இந்தச் சட்டத்தை விரும்பாத மாநில அரசாங்கங்கள் பல இருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சந்தையைத் தாங்கள் நடத்தாமல் மத்திய அரசாங்கத்திடம் விட்டுவிட்டன. ஆனால் பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நேவிகேட்டர்களுக்குத் தங்கள் சொந்த விதிகளைப் போட்டன. மக்களின் வருமான விவரமும் அடையாள எண்ணும் இந்த உதவியாளரின் கைக்குப் போகின்றன. திருடன் கையில் சாவி போகலாமா என்று கேட்டன. கேள்வி நியாயமானதுதான். குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பதும் கைரேகை எடுப்பதும் தவறல்ல. சட்டத்தை ஆதரித்த கலிபோர்னியாவும் அவற்றைச் செய்தது. 2013 நவம்பரில் டெக்ஸாஸில் சில உதவியாளர்கள் வருமானத்தை மறைத்துச் சொல்லும்படி மக்களுக்கு யோசனை கூறியது இரகசியப் படம் ஒன்றில் அகப்பட்டது. அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பது உதவியாளருக்கும் பொருந்தும்.

ஆனால் எல்லா விதிகளும் அந்த எண்ணத்தில் பிறக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் காப்புறுதி ஆணையர், புதிய சட்டத்துக்குத் தம்மால் ஆன தடைகளையெல்லாம் போடுவதாகவும், நேவிகேட்டருக்குத் தேர்வு வைப்பது அவற்றுள் ஒன்று என்றும் 2013இல் மேடையிலேயே பேசினார். புளோரிடாவில் அதே ஆண்டு செப்டம்பரில், மாவட்டச் சுகாதார நிலையங்களின் வளாகத்தில் நேவிகேட்டர்கள் வேலை செய்யக்கூடாது என்று மாநிலச் சுகாதார இலாகா அறிவித்தது. ஏழைகள் வைத்தியத்துக்கு வரும் இடமே அதுதான். டெக்ஸாஸ் மாநிலம், மத்திய அரசாங்கம் கொடுத்த பயிற்சிக்கு மேல் நாற்பது மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று முதலில் சொல்லி, எதிர்ப்பு வந்த பின் இருபதாகக் குறைத்தது. டென்னசியில் அவசர விதிகள் மிகப் பரந்த சொற்களில் எழுதப்பட்டிருந்தன. அண்டை வீட்டாருக்கு விளக்கம் சொல்லும் தேவாலயத் தொண்டர்கூட அபராதத்துக்கு ஆளாகலாம் என்ற அச்சம் எழுந்தது. வழக்குத் தொடர்ந்ததும், அக்டோபரில் மாநில அரசாங்கம் அந்த விதிகளைச் சுருக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது.

பெரிய வழக்கு மிசௌரி மாநிலத்தில் நடந்தது. அங்கே 2013இல் இயற்றிய சட்டம், முகவர் உரிமம் இல்லாத நேவிகேட்டர் ஒரு பத்திரத்தின் பலன்களையும் நிபந்தனைகளையும் பற்றி ஆலோசனை சொல்லக்கூடாது என்றது. சந்தைக்கு வெளியே உள்ள பத்திரங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்றது. தரகர் மூலம் ஏற்கனவே காப்புறுதி வாங்கியவர் வந்தால், அந்தத் தரகரிடமே போகச் சொல்ல வேண்டும் என்றது. வழிகாட்டி இருக்கலாம், வழியைக் காட்டக்கூடாது என்பது போன்ற சட்டம் இது. செயின்ட் லூயி நகரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் ஓர் அமைப்பும் மற்றவர்களும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2014 ஜனவரி 23இல் மத்திய நீதிபதி அந்தச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். 2015 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிதானமான தீர்ப்பைத் தந்தது. மேலே சொன்ன மூன்று விதிகளும் மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால் அவற்றுக்கான தடை நீடித்தது. மற்ற பகுதிகளுக்கான தடை நீங்கியது. மாநிலம் உரிமம் கேட்கலாம், சோதிக்கலாம். ஆனால் சட்டம் செய்யச் சொன்ன வேலையையே செய்யாமல் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

நீதிமன்றம் திறந்துவிட்ட கதவைப் பணப்பெட்டி மூடிவிடவும் கூடும். நேவிகேட்டர்களுக்கான ஆண்டு நிதி 2017இல் சுமார் 3 கோடியே 60 லட்சம் டாலராகவும், 2018இல் ஒரு கோடியாகவும் வெட்டப்பட்டது. 2021இல் ஆட்சி மாறியதும் 8 கோடியாக உயர்ந்தது. 2024இல் 10 கோடியை எட்டியது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் ஒரு கோடிக்கு இறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

அப்படியானால் மக்கள் யாரிடம் போவார்கள்? உரிமம் பெற்ற முகவரிடமும் தரகரிடமும்தான். அவர்களில் நேர்மையானவர்கள் ஏராளம். ஆனால் 2024இல் நடந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, தங்கள் சம்மதமின்றிப் பத்திரம் எடுக்கப்பட்டது அல்லது மாற்றப்பட்டது என்று 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. ஒருவரின் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால், அவரை வேறு பத்திரத்துக்கு மாற்றிக் கமிஷனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடிந்தது. மருந்து வாங்கப் போன இடத்தில்தான் பலருக்குத் தங்கள் பத்திரம் மாறியது தெரிந்தது. மத்திய அரசாங்கம் 850 முகவர்களையும் தரகர்களையும் சந்தையிலிருந்து இடைநீக்கம் செய்தது. இவர்கள் எல்லோரும் மாநில உரிமம் பெற்றவர்களே!

தேர்வு எழுதியவர், கைரேகை கொடுத்தவர், உரிமம் பெற்றவர் என்பதெல்லாம் நல்ல அடையாளங்கள்தான். ஆனால் அவை மட்டும் போதா. அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சட்டம் கேட்க வேண்டும்.

நம் முன்னோரின் வரலாறும் இதைச் சொல்லும். ஊருக்குப் போய் ஆள் கட்டிய கங்காணி, உறவினரைப் போல, வழிகாட்டியாகவே வந்தார். அவருக்கும் உரிமம் இருந்தது. ஆனால் கொண்டுவரும் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கொடுத்தது தோட்டம். வேலைக்கு இறக்கும் ஆளுக்குத் தலைக்காசும் உண்டு. கூலி கொடுத்தவர் பக்கம்தான் அவர் நிற்க வேண்டியிருந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்திய பிறகே அந்த ஆள்கட்டும் முறை ஒழிந்தது.

நேயர்களே, நம் நாட்டில் காப்புறுதி நிறுவனங்களை 1988 முதல் பேங்க் நெகாரா மேற்பார்வை செய்து வருகிறது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு வருபவரை முதலில் மேற்பார்வை செய்ய வேண்டியவர் நீங்கள்தான். "இதை நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல முகவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்த நோய்க்குப் பணம் கிடைக்காது என்பதையும் கேளுங்கள். கிடைக்கும் என்பதைச் சொல்ல எல்லோரும் வருவார்கள். நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டையின் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள். போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பிரதி உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு உங்களிடமிருந்து கமிஷன் எதுவும் வேண்டாம்.