பனிக்காலங்களுக்கு இட்ட பெயர்கள்

பனி யுகத்தின் உட்பிரிவுகளுக்கு ஆற்றுப் பெயர் சூட்டும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர்கள் ஆல்பிரெக்ட் பெங்க், எட்வர்ட் புருக்னர் என்ற இரு ஆய்வாளர்கள். 1901 முதல் 1909 வரை வெளிவந்த அவர்களது மூன்று தொகுதி நூல், ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் நான்கு முறை பெருகி இறங்கின என்றது. தெற்கு ஜெர்மனியின் சிற்றாறுகளான குன்ஸ், மிண்டல், ரிஸ், வுர்ம் அந்த நான்குக்கும் பெயராயின. ஜெர்மன் அகரவரிசைப்படி மூத்தது முதல் இளையது வரை அடுக்கிய ஏற்பாடு அது. வட ஜெர்மனியில் எல்ஸ்டர், சாலே முதலிய ஆறுகளும், அமெரிக்காவில் நெப்ராஸ்கா, கன்சாஸ், இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களும் இதே வேலைக்குப் பயன்பட்டன.

நான்கு என்ற கணக்கு அன்றைய இந்தியாவிலும் ஒலித்தது. 1935-இல் ஹெல்முட் டி டெர்ரா, பேட்டர்சன் இருவரும் காஷ்மீரிலும் பொத்வார் மேட்டுநிலத்திலும் ஆய்வு நடத்தினர். 1939-இல் வெளியான அவர்களது நூலும் நான்கு பனிக்காலங்களையே காட்டியது. ஆல்ப்ஸ் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கு இமயமலையிலும் நான்கே கிடைத்தது சற்று அதிகப்படியான பொருத்தம்தான். அதே பயணத்தில் சென்னைக்கு அருகே வடமதுரை, அத்திரம்பாக்கம் பகுதிகளின் ஆற்றுப்படுகை மேடுகளையும் கற்கருவிகளையும் ஆராய்ந்தனர். பனியே எட்டாத அந்த நிலத்தில் வயதைத் தனியாகக் கணிக்க அப்போது வழியில்லை. அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்பது 2011-இல்தான் வெளியானது.

நிலத்தில் எண்ணுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. பின்னால் இறங்கும் பனியாறு, முன்னது விட்டுப்போன கல்மண் குவியல்களை வழித்துத் துடைத்துவிடும். மிஞ்சியதை எண்ணினால் கணக்கு குறையத்தான் செய்யும். ஆழ்கடல் சேற்றில் அப்படி அழிவதில்லை. 1955-இல் சேசரே எமிலியானி, அங்கே படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளில் எடைமிக்க, எடைகுறைந்த ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை அளந்து காலநிலை ஏற்றஇறக்கத்தைக் கண்டு, அதை எண்ணிட்ட நிலைகளாகப் பிரித்தார். இன்றைய வெப்பக் காலம் நிலை 1. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒற்றைப்படை வெப்பம், இரட்டைப்படை குளிர். நிலை 3 மட்டும் விலக்கு. அது பனிக்காலத்துக்குள் வந்த மிதமான இடைவெளி. இந்தக் கணக்கில் 26 லட்சம் ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நிலைகள் உள்ளன.

ஆனாலும் ஊர்ப்பெயர் ஒழியவில்லை. இமயமலையின் லாகுலில் சந்திரா, பாட்டல், குல்தி என்றும், கங்கோத்ரியில் பாகீரதி, சிவலிங் என்றும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பனி காணாத கரைகளுக்கோ எண்தான் வசதி. நிலை 2-இன் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவோ பெரும்பாலும் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. எனவே பேராவூரணியை அடுத்த சேதுபாவாசத்திரத்துக்கு எதிரே அன்று கடலே இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். பனி உருகிக் கடல்மட்டம் ஏறியபோதுதான் விரிகுடா நிரம்பி இலங்கை தனித்தீவானது.