மலை ஏற முடியாதவங்களுக்கும் இருக்கு செஞ்சிக் கோட்டை: குளக்கரை, காட்டு ஓரமாகவே சுற்றி வரலாம்

செஞ்சி,

செஞ்சிக் கோட்டைக்கு குடும்பத்தோடு வருபவர்களில் பாதிப்பேர் கோட்டையைப் பார்ப்பதே இல்லை. இளவட்டங்கள் ராஜகிரி மலை உச்சிக்கு ஓடுகிறார்கள். "நமக்கு முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க" என்று பெரியவர்கள் கீழே மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து விடுகிறார்கள். மேலே போனவர்கள் மூச்சிரைக்க இறங்கி வந்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய் விடுகிறார்கள்.

ஆனால் ராஜா தேசிங்கின் கதை நடந்ததும், அவர் உடலை எரித்ததும் மலை மேல் இல்லை. கீழேதான். மலை ஏறாமலே, சமதரையில், இரண்டு குளங்களின் கரையோரமாக நடந்தே இதை எல்லாம் பார்க்கலாம். நிதானமாகப் போனாலும் அரை நாள் போதும். இது பற்றிய விவரம் வருமாறு:-

3 மலை, 13 கி.மீ. மதில்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி டவுனில் இருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சுமார் 2 கி.மீ. தூரத்தில் கோட்டை இருக்கிறது. சாலைக்கு இடதுபுறம் ராஜகிரி, வலதுபுறம் கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என 3 மலைகள். மூன்றையும் இணைத்து முக்கோணம் போல மதில் சுவர் ஓடுகிறது. இதன் மொத்த நீளம் சுமார் 13 கி.மீ.

ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குப் போக பெரிய பாறைப் பிளவு ஒன்றைப் பாலம் வழியாகக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தூக்குப்பாலமாக வைத்திருந்தார்கள். பாலத்தை எடுத்து விட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

கோன் வம்சத்தார் தொடங்கி விஜயநகரத்தார், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் வரை இந்தக் கோட்டைக்கு அடித்துக் கொள்ளாதவர்களே இல்லை. 1677-ல் சத்ரபதி சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது மொகலாயப் படை 1690-ல் முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-ல். கிட்டத்தட்ட 8 வருஷம்!

உள்ளே இருந்தவர்கள் இத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? பீரங்கியும் மதிலும் மட்டும் காரணம் இல்லை. நெல்லும் தண்ணீரும்தான் காரணம். அதைக் கீழ்க்கோட்டையில் நடந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதலில் பெருமாள் கோவில்

நடையை புதுச்சேரி வாசல் பக்கம் இருக்கும் வெங்கடரமண சுவாமி கோவிலில் தொடங்குவது நல்லது. 16-ம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியதாகச் சொல்லப்படும் இந்தக் கோவில்தான் கோட்டைக்குள் இருப்பதிலேயே பெரியது. வாசல் கோபுரத்தின் உள்சுவரில் ராமாயணக் காட்சிகளும், பாற்கடல் கடைந்த கதையும் வரிசையாகச் செதுக்கப்பட்டு உள்ளன. பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொல்லலாம். நேரம் போவதே தெரியாது.

கோவிலின் பல தூண்கள் இப்போது இங்கே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து எடுத்துப் போய் விட்டார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கும் தூண்கள் செஞ்சியில் இருந்து போனவைதான். பீச்சில் அதன் முன்னால் போட்டோ எடுத்த பலருக்கு இது தெரியாது.

தேசிங்கு எரிந்த கரை

கோவிலைத் தாண்டினால் ஆஞ்சநேயர் கோவில், அதையொட்டி ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என இரண்டு குளங்கள். ஒரு பக்கம் பாறை மேல் பாறை அடுக்கியது போல மலை, அதன் சரிவில் முட்புதரும் கள்ளியுமாகக் காடு, கீழே தண்ணீர். மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருக்கும்போது மலை முழுக்க தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.

செட்டிக்குளத்தை வெட்டியவர் ராமச்செட்டி என்பவர். இந்தக் குளக்கரையில்தான் ராஜா தேசிங்கின் உடல் எரிக்கப்பட்டது, அவருடைய இளம் மனைவியும் அதே தீயில் இறங்கி உயிரை விட்டார் என்று சொல்கிறார்கள்.

தேசிங்கின் சொந்தப் பெயர் தேஜ்சிங். புந்தேல ராஜபுத்திரர். அப்பா சொரூப்சிங் 1714-ல் இறந்ததும் கோட்டைப் பொறுப்புக்கு வந்தார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று மறுத்தார். நவாப் பெரும் படையோடு வந்தார். சில நூறு குதிரை வீரர்களோடு மட்டும் எதிர்த்துப் போன தேசிங்கு, அதே 1714-ம் ஆண்டு போர்க்களத்தில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 22 தான்.

அவரோடு சேர்ந்து செத்தவர் உயிர் நண்பர் மகமத்கான். ராஜபுத்திரனுக்காக ஒரு முஸ்லிம் நண்பன் உயிரைக் கொடுத்த கதை என்பதால்தான் 300 வருஷம் கழித்தும் தெருக்கூத்திலும் நாட்டுப்பாடலிலும் அது நிற்கிறது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' படமும் வந்தது. நண்பருடைய சமாதியும் குதிரையின் சமாதியும் செஞ்சி அருகே நீலாம்பூண்டியில் உள்ளன.

தேசிங்கின் வீரத்தையும் அவர் மனைவியின் முடிவையும் பார்த்து நவாப்பே மனம் கலங்கினாராம். அந்த ராணியின் நினைவாக அவர் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை.

கைதிப் பாறை

சக்கரக்குளம் அருகே தனியாக ஒரு பெரிய பாறை நிற்கிறது. மேலே இயற்கையாகவே ஒரு குழி. அதைச் சுற்றி செங்கல் சுவர் வைத்திருக்கிறார்கள். மரண தண்டனைக் கைதிகளை இந்தக் குழிக்குள் தள்ளி, சோறு தண்ணி இல்லாமல் விட்டு விடுவார்கள் என்பது செவிவழிச் செய்தி. பக்கத்திலேயே குளம் நிறையத் தண்ணீர், உள்ளே கிடப்பவனுக்கு ஒரு வாய் கிடையாது!

அதே சக்கரக்குளத்துத் தண்ணீரைத்தான் மண் குழாய் பதித்து உட்கோட்டையில் உள்ள கல்யாண மகாலுக்குக் கொண்டு போனார்கள். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது. உயரத்தில் இருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரின் வேகத்தை வைத்தே மாடிக்கு ஏற்றி இருக்கிறார்கள்.

உட்கோட்டை

அடுத்து தொல்லியல் துறையின் டிக்கெட் வாங்கிக் கொண்டு உட்கோட்டைக்குள் போகலாம். இதுவும் சமதரைதான். புல்வெளி, நிழல், உட்கார இடம் எல்லாம் உண்டு.

சதுரமான முற்றம், சுற்றிலும் ராணிகள் இருந்த அறைகள், நடுவில் அடுக்கடுக்காக உயரும் கோபுரம். இதுதான் கல்யாண மகால். பக்கத்தில் யானைக்குளம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம். நெற்களஞ்சியத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுவரின் கனத்தைப் பார்த்தாலே 8 வருஷ முற்றுகையின் ரகசியம் புரிந்து விடும். தேசிங்கை வென்ற சாதத்துல்லா கான் 1717-18-ல் கட்டிய மசூதியும் கீழ்க்கோட்டையிலேயே இருக்கிறது.

ராஜகிரி ஏற ஆசைப்படுபவர்கள் காலையிலேயே தொடங்கி விட வேண்டும். மதியத்துக்கு மேல் ஏறுவதற்கு விட மாட்டார்கள்.

இதை மறந்துடாதீங்க

குளத்தில் குளிக்க, கால் கழுவ இறங்கவே கூடாது. படி பாசி பிடித்து வழுக்கும். ஆழம் எவ்வளவு என்று மேலே இருந்து தெரியாது. செல்பி எடுக்கிறேன் என்று பிள்ளைகள் ஓரத்துக்குப் போனால் கையைப் பிடித்து இழுத்து விடுங்கள்.

குரங்குகள் தொல்லை அதிகம். கையில் கேரி பேக்கைப் பார்த்தால் உள்ளே தின்பண்டம்தான் என்று முடிவு கட்டிப் பிடுங்கி விடும். சாப்பாட்டுப் பொட்டலத்தை தோள்பையின் உள்ளே வைத்து ஜிப்பைப் போடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். சித்திரை, வைகாசி வெயிலில் பாறை அனல் கக்கும். அப்போது வருவதென்றால் காலை 11 மணிக்குள் நடையை முடித்து விட வேண்டும்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் உள்ளவை. மிச்சம் ஒன்று செஞ்சி. அப்படியும் சுவரில் இதயம் வரைந்து அம்பு விடுகிற ஆசாமிகள் திருந்தவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மதிலுக்கு வெளியே, காட்டுக்குள் பாதை தெரிகிறதே என்று போகவும் வேண்டாம். பக்கமலை போன்ற பக்கத்து மலைகள் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்குதான்.

நேரம் இருந்தால்...

செஞ்சிக்கு வடக்கே சில கி.மீ. தூரத்தில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரைக் கோவிலில், ஒரே பாறையில் செதுக்கிய ரங்கநாதர் படுத்திருக்கிறார். இவரிடம் உத்தரவு கேட்டுத்தான் தேசிங்கு எதையும் செய்வாராம். கடைசிப் போருக்கு உத்தரவு கொடுக்காமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டார், அதையும் மீறிப் போனார் என்கிறது கதை. இங்கே கொஞ்சம் படி ஏற வேண்டும்.

அதே வழியில் திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டு உள்ளனர். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியர் பற்றிய பழைய கல்வெட்டும் இங்கே உண்டு. தமிழ் எழுத்து 'ஐ' முதன்முதலாகக் காணப்படும் கல்வெட்டு இது என்கிறார்கள்.

போவது எப்படி?

செஞ்சிக்கு ரெயில் கிடையாது. சென்னை கிளாம்பாக்கத்தில் இருந்து திண்டிவனம் வழியாக திருவண்ணாமலை செல்லும் பஸ்கள் செஞ்சியில் நிற்கும். ரெயிலில் வருபவர்கள் திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம். திண்டிவனத்தில் இருந்து சுமார் 28 கி.மீ. விழுப்புரம், திருவண்ணாமலையில் இருந்தும் பஸ் உண்டு.

செஞ்சி பஸ் நிலையத்தில் இருந்து கோட்டைக்கு ஆட்டோ கிடைக்கும். ஏறும்போதே வாடகையைப் பேசிக் கொள்ளுங்கள். திரும்பி வரவும் அதே ஆட்டோ வேண்டுமா என்று அப்போதே சொல்லி விடுவது நல்லது. குளக்கரைப் பக்கம் சாயங்காலம் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.